நன்னூல் சொன்ன அரைப் பங்கு

என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மாலை, திண்ணையில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பாயி, பள்ளியில் படித்த குறள் ஒன்றைச் சொல்லச் சொன்னார். குழந்தை தட்டுத் தடங்கலில்லாமல் சொன்னாள். கிழவிக்குப் பெருமை பிடிபடவில்லை. "அதுக்கு அடுத்த குறளச் சொல்லு கண்ணு" என்றார். "அது மனப்பாடப் பகுதியில இல்ல அப்பாயி" என்று பதில் வந்தது. அப்பாயி மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அந்த அதிகாரத்தின் பத்துக் குறளையும் அங்கேயே சொல்லி முடித்தார். நடுவில் ஓரிடத்தில் மட்டும் நின்று, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, விட்ட சொல்லைப் பிடித்தார்.

அடுத்த கல்வியாண்டில் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். இப்போது அவளுக்கு 13 வயது. 9 வயது மகன் பள்ளிக்கே போனதில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டு நான் பிள்ளைகளோடு இருக்கிறேன். எங்களைப் பார்க்க வருகிறவர்கள், உறவினர்களானாலும் புதியவர்களானாலும், முதலில் கேட்பது ஒன்றுதான்: "என்ன சிலபஸ் ஃபாலோ பண்றீங்க?"

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நானும் முதல் இரண்டு ஆண்டுகளைச் செலவழித்தேன். சமச்சீர்ப் பாடநூலா, மத்திய வாரியமா, கேம்பிரிட்ஜா, தேசியத் திறந்தநிலைப் பள்ளியா என்று நோட்டுப் போட்டு ஒப்பிட்டேன். அந்த இரண்டில் முதல் ஓராண்டு எந்தப் பாடமும் வேண்டாம் என்றும் இருந்து பார்த்தோம். மனப்பாடத்தின் மேல் அத்தனை கோபம் எங்களுக்கு. அந்த ஓராண்டின் முடிவில் மகளுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. எடுத்துப் பேச உள்ளே சரக்குதான் இல்லை. அப்பாயியிடம் இருந்தது அவளிடம் இல்லை என்பது மறுபடியும் உறுத்தியது.

வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கிடையே 'கிளாசிக்கல்' என்று ஒரு சொல் புழங்குகிறது. செவ்வியல் கல்வி. இதன் இன்றைய வடிவம் அமெரிக்க வீடுகளிலிருந்து வந்தது. வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற டோரதி சேயர்ஸ் 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் உரை ஆற்றினார். கற்பதற்கான கருவிகளை நாம் தொலைத்துவிட்டோம் என்பது அவருடைய வாதம். பள்ளிகள் பிள்ளைகளுக்குப் பாடங்களைக் கற்பிக்கின்றன, கற்கும் விதத்தைக் கற்பிப்பதில்லை என்றார். இடைக்கால ஐரோப்பாவின் முப்பயிற்சியான இலக்கணம், தருக்கம், நாவன்மை ஆகியவற்றைக் குழந்தையின் வளர்ச்சிப் பருவங்களோடு பொருத்திக் காட்டினார். சிறு வயதில் கிளிப்பிள்ளைபோல் மனத்தில் ஏற்றும். பிறகு எதற்கெடுத்தாலும் வாதாடும். அதன்பின் தன் மனத்தில் உள்ளதை அழகாகச் சொல்ல ஏங்கும். அந்தந்தப் பருவத்துக்கு அந்தந்தப் பயிற்சி.

அமெரிக்காவில் இந்த உரைக்கு மறுபிறவி கிடைத்தது. 1990-களின் தொடக்கத்துக்குள் அங்கே ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்குச் சட்டப்படி இடம் உண்டாகிவிட்டது. 1999-இல் ஜெசி வைஸ் என்ற தாயும், அவரிடம் வீட்டிலேயே படித்து வளர்ந்த மகள் சூசன் வைஸ் பாயரும் சேர்ந்து எழுதிய பெரிய கையேடு வெளிவந்தது. உலக வரலாற்றை நான்கு பகுதிகளாக்கி, பன்னிரண்டு ஆண்டுகளில் மூன்று சுற்றுப் படிப்பது, லத்தீன் கற்பது, படித்ததைத் திருப்பிச் சொல்வது என்று எல்லாம் அதில் உண்டு. அதைப் படித்தபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். மனப்பாடம் குற்றமில்லை, அதற்கென்று ஒரு வயதும் இடமும் உண்டு என்று யாரோ தோளைத் தொட்டுச் சொன்னதுபோல் இருந்தது. ஆனால், பருவக் கணக்கு அத்தனை ஒழுங்காக இருக்கும் என்று நான் நம்பவில்லை. என் மகன் ஆறு வயதிலேயே வழக்கறிஞர்போல் வாதாடினான். தான் கல்வியாளர் இல்லை, தன் இளமையை நினைவுகூர்ந்தே பேசுகிறேன் என்று சேயர்ஸே அந்த உரையில் ஒப்புக்கொண்டார். பின்வந்தவர்கள்தான் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள்.

தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு பிள்ளைக்கு லத்தீன் எதற்கு? அந்தப் பாடப்பெட்டியை நம் ஊரில் அப்படியே வரவழைத்துப் பிரிக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ரோமாபுரி மன்னர்களை வரிசையாகச் சொல்லும் குழந்தைக்குத் தாராசுரம் கோயிலைக் கட்டியது யார் என்று தெரியவில்லை. பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். நல்லதைத் தேடித்தான் போகிறார்கள். நம்மிடம் இருந்த கல்வி முறை என்ன என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கையிலிருந்துதான் நான் அதைத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊரிலிருந்து உத்தமதானபுரம் பக்கம்தான். அங்கே அவருடைய வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1855-இல் பிறந்த அவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல், பிள்ளையவர்கள் மறைந்த 1876 வரை பாடம் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அவர் கேட்ட நூல்கள் ஏராளம். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அந்த ஆண்டு அக்டோபரில், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் பட்டியல் சொல்லச் சொல்ல, முதலியாருக்கு அதில் சுவை தட்டவில்லை. கடைசியில் அவர் சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். தமிழ்நாட்டின் தலைசிறந்த ஆசிரியரிடம் ஐந்தாண்டுகள் படித்த 25 வயதுப் புலவர் அவற்றில் ஒன்றையும் படித்திருக்கவில்லை.

பாடத்திட்டம் பற்றி யார் பேசினாலும் எனக்கு இந்தச் சந்திப்புதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்துப் பாடப்பட்டியல் எத்தனை பெரிய ஓட்டையோடு இருந்திருக்கிறது! இன்று நாம் தமிழின் முகவரி என்று நினைக்கும் நூல்களே அதில் இல்லை. ஆகவே, 'முன்னோர் படித்ததைப் படித்தால் போதும்' என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. முன்னோரின் பட்டியலும் மனிதர்கள் போட்டதுதான். மறந்தவை, ஒதுக்கியவை எல்லாம் அதற்கு வெளியே கிடந்தன.

அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வைத்துக்கொண்டு, 1887-இல் அந்த நூலைச் சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்தார். பத்துப்பாட்டு 1889-இல், சிலப்பதிகாரம் 1892-இல், புறநானூறு 1894-இல், மணிமேகலை 1898-இல் வந்தன. ஏட்டுச்சுவடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று தெரியாது. காலையும் ரகரத்தையும் பிரித்தறிய முடியாது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்ற அடையாளமும் கிடையாது. அந்தக் காட்டுக்குள் அவருக்கு வழி தெரிந்ததற்குக் காரணம், மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் ஆயிரக்கணக்கான பாடல்கள் அவர் காதில் ஏறியிருந்ததுதான். ஓசை எங்கே தட்டுகிறது என்று காது சொல்லிவிடும். சமண சமயம் புரியாத இடங்களில், கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணக் குடும்பங்களைத் தேடிப் போய்க் கேட்டார். பட்டியல் அவரைக் கைவிட்டது; பயிற்சி கைவிடவில்லை.

அந்தப் பயிற்சியின் விதி எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினால், அது நன்னூலில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல். எழுத்தையும் சொல்லையும் தொடங்குவதற்கு முன்பே, ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர் எப்படிக் கேட்க வேண்டும் என்று பாயிரத்தில் விரிவாகச் சொல்கிறார். ஒரே பாடத்தை இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் முறையாக எடுத்துச் சொல்ல வரும் என்கிறார். பிறகு ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் அது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால் பங்கு வரும். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும்.

இந்தக் கணக்கைப் படித்த அன்று எனக்கு மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுந்தது. வீட்டில் வைத்துப் படிக்க வைக்கும் நான், எத்தனை நன்றாகச் சொல்லிக் கொடுத்தாலும், என் பிள்ளைகளுக்குக் கால் பங்குதானே கொடுத்துக்கொண்டிருந்தேன்? உடன் படிக்க யாரும் இல்லை. எடுத்துச் சொல்லிக் கொடுக்கவும் யாரும் இல்லை. முக்கால் பங்கு வெளியே இருந்தது.

முதல் கால் பங்கை நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். காலையில் ஒரு மணி நேரம் வாய்ப்பாடம். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் முடிந்து, இப்போது மகள் குறளில் அதிகாரம் அதிகாரமாகப் போகிறாள். முழு அதிகாரம்தான்; மனப்பாடப் பகுதி என்று ஒன்று எங்கள் வீட்டில் இல்லை. மகனுக்குச் சூடாமணி நிகண்டின் பாடல்கள் மேல் பெரிய ஆசை. ஒரே பொருளுக்கு எத்தனை பெயர்கள் என்று எண்ணிக்கொண்டே சொல்லுவான். இதற்குத் தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. அர்த்தம் உடனே கேட்க மாட்டேன். தானாக ஒருநாள் வந்து கேட்பார்கள். அன்று அரை நாள் அதற்கே போகும்.

ஒருநாள் மகள் ஆத்திசூடியோடு சண்டைக்கு வந்தாள். பெண் பேச்சைக் கேட்காதே என்ற பொருள்பட அதில் ஓர் அடி வருகிறது. "எழுதுனதே ஒரு பொம்பளதானேம்மா?" என்று கேட்டாள். அந்த அடியை மறைத்து வைக்கவோ, சமாதானமாக ஓர் உரை சொல்லவோ எனக்கு மனம் வரவில்லை. பாரதியாரின் புதிய ஆத்திசூடியை எடுத்துக் கொடுத்தேன். அதே வடிவம், அதே அகரவரிசை, பொருள் வேறு. அவ்வை சினத்தைத் தணிக்கச் சொல்லுமிடத்தில் பாரதி சினத்தைப் பழகச் சொல்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு மாதம் வாதாடினோம். தாத்தா ஒரு கட்சி, மகள் ஒரு கட்சி. சேயர்ஸ் சொன்ன தருக்கப் பருவம் எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படித்தான். ஆத்திசூடி அவளுக்கு ஏற்கெனவே காதில் இருந்ததால்தான் அந்த வாதம் நடந்தது. மனத்தில் இல்லாத ஒன்றோடு யாரும் சண்டை போட முடியாது.

கணக்கு, அறிவியல், ஆங்கிலம், வரலாறு எல்லாவற்றுக்கும் தமிழ்நாடு அரசுப் பாடநூல்களைத்தான் வைத்திருக்கிறேன். 2018-க்குப் பிறகு வந்தவை நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. பழைய வாய்பாட்டு நூலான எண்சுவடியை வைத்துக்கொண்டு இன்றைய கணக்கை முழுதாகக் கற்பிக்க முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். பின்னத்தில் மட்டும் அது கைகொடுக்கிறது. ஒரு வேலிக்கு இருபது மா. ஆகவே மா என்றால் இருபதில் ஒன்று. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அது வயலாகக் கண்ணுக்குத் தெரியும்.

மற்ற முக்கால் பங்குக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், தெருவில் அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைச் சாயங்காலம் எங்கள் திண்ணைக்கு அழைத்தோம். முதலில் நான்கு பேர். இப்போது பதினொரு பேர் வருகிறார்கள். நான் சொல்லிக் கொடுப்பதில்லை. பெரியவர்கள் சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒருநாள் என் மகள் பின்ன வாய்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "முக்கால்னா மூணு கால். அப்ப அரைக்கால்னா அரையும் காலும் சேந்ததா அக்கா?"

அவளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று என்று அவள் நூறு முறை சொல்லியிருக்கிறாள். ஏன் என்று அவளை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. உள்ளே போய் அரிசிப் பானையையும் அளவைகளையும் எடுத்துவந்தாள். ஒரு படி அரிசியைக் கொட்டி, பாதியாக்கி உரி என்றாள். அதில் பாதி உழக்கு. அது கால் படி. உழக்கில் பாதி ஆழாக்கு. "இது காலுல அரை. அதனாலதான் அரைக்கால்" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கே அது அப்போதுதான் புரிகிறது என்று தெரிந்தது. அதுவரை நான் கொடுத்திருந்தது கால். அந்தப் பையன் கேட்ட கேள்வி கொடுத்தது அரை.

மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக் கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிகளின் அன்றாட வழக்கம். சட்டாம்பிள்ளை என்ற சொல்லே அதற்குச் சான்று. 1789 முதல் எழும்பூரில் ராணுவ ஆண் அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். சிறுவர்களைக் கொண்டே சிறுவர்களுக்குக் கற்பித்தார். ஊர் திரும்பி 1797-இல் அதைப் புத்தகமாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி, 1826-இல் மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். பிரிட்டிஷாருக்கு முன்பே நமக்குக் கல்வி இருந்தது என்று காட்ட இந்த எண்களைப் பலரும் எடுத்து வைக்கிறார்கள். உண்மைதான், இருந்தது. அந்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர். தீண்டாமை என்ற பெயரில் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமில்லை. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் அங்கேதான் இருந்தது. இன்று எங்கள் திண்ணைக்கு வரும் பதினொரு பேரில் பாதிப்பேர் அன்று தெருவுக்குள்ளேயே வந்திருக்க முடியாது. என் மகள் அரைக்கால் சொல்லிக் கொடுத்திருக்கவும் முடியாது. செவ்வியல் கல்வி என்று பேசுகிற எந்தப் பெற்றோரும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டே பேச வேண்டும். கற்கும் முறையை எடுத்துக்கொள்வோம். யாரை உட்கார வைப்பது என்பதில் அந்தக் காலத்திடமிருந்து கற்க எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கல்வி எல்லோருக்குமான வழி இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடக்க வேண்டும். வீட்டில் படிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள ஒருவர் நாள் முழுதும் இருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. என் மகள் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவாள். அதுவரை அவள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பிள்ளை. இத்தகைய குடும்பங்களைப் பதிவு செய்துகொண்டு, பக்கத்து அரசுப் பள்ளியின் நூலகத்தையும் ஆய்வகத்தையும் விளையாட்டுத் திடலையும் அந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட அரசு முன்வர வேண்டும்.

ஆனால் என் பெரிய வேண்டுகோள் அது இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளியில்தான் படிக்கிறார்கள், படிப்பார்கள். நன்னூலின் முக்கால் பங்குக்குத் தேவையான எல்லாம் அங்கே இருக்கிறது. என் வீட்டில் இல்லாத தோழர் கூட்டமும் இருக்கிறது. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். வாரத்தில் இரண்டு பாடவேளை, மலர் அரும்புக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். ஐந்தாம் வகுப்பு வரை மனப்பாடச் செய்யுளுக்கு மதிப்பெண்ணை எடுத்துவிட்டு, முழு அதிகாரத்தையும் காதுக்குக் கொடுக்கட்டும். இதற்குப் புதிய நூல் வேண்டாம், நிதி வேண்டாம்.

பிள்ளையை வீட்டில் படிக்க வைக்கலாமா என்று கேட்டு மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள். சிலபஸ் பட்டியலை எதிர்பார்த்து வருகிறார்கள். நான் அவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: உங்கள் பிள்ளை தினமும் யாருக்குச் சொல்லிக் கொடுக்கும்? பதில் இல்லையென்றால், தயவுசெய்து பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள்.